நாற்பது டன் கதவும் நூற்றுக்கு நாலும்

காஷிமா கோயிலில், பூமிக்கடியில் புரளும் ராட்சதக் கெளுத்தி மீனின் தலையை அழுத்திப் பிடித்திருக்கும் கல்லின் மீது சத்தியமாகச் சொல்கிறேன்: கீழே எழுதப்போவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யாக இருந்தால் அந்தக் கல் நழுவட்டும், மீன் துள்ளட்டும், இபராகி மாநிலமே ஆடட்டும், முதல் ஓடு என் தலையில் விழட்டும். எல்லாம் என் இரண்டு கண்ணால் பார்த்தது. விழுந்த அடிகளைக்கூட எண்ணித்தான் எழுதுகிறேன். கணக்கில் சந்தேகம் வந்த இடங்களில் குறைத்தே போட்டிருக்கிறேன்.

என் பெயர் நெமொத்தோ கிசாபுரோ. ஹிகாவா மேட்டிலுள்ள துகள் முடுக்கி ஆய்வகத்தில் முப்பத்தோரு வருஷம் கதவு ஓட்டினேன். சிரிக்க வேண்டாம். துகள் கற்றைகள் மோதும் கூடத்தை அடைக்கும் கான்கிரீட் கதவு அது. எடை நாற்பது டன். தண்டவாளத்தில் உருண்டு வரும். முழுக்கத் திறந்திருந்தால் மூட ஐந்து நிமிஷம் ஆகும். ஒருமுறை அதன் இடுக்கில் ஒரு காட்டுப்பன்றி தெரியாமல் நுழைந்துவிட்டது. அதைச் சுரண்டி எடுத்து, ஒரு உறையில் போட்டுத் தபாலில் அனுப்பும்படி இருந்தது.

அந்தக் கதவில் ஒரு மனிதர் கை வைத்த கதைதான் இது. கிதோ கென்ஸோ என்று பெயர். கிதோ சென்செய், அதாவது கிதோ வாத்தியார், என்போம். வயது அறுபத்திரண்டு. காயப்போட்ட முள்ளங்கி மாதிரி உடம்பு. இயந்திரத்தைத் தொடமாட்டார், கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும்தான் அவர் ஆயுதம். அந்த வாரம் வரை அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

இருபத்தேழு வருஷமாக ஒரே ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கு இதுதான். ஒரு துகள், அதற்கு ஒரு எதிர்த்துகள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பிறந்ததும் இரண்டும் செத்துச் சிதறிவிடும். கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட உயிரோடு இருக்காது. கேள்வி என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட வழியில் இரண்டும் சரிசமமாகச் சாகின்றனவா, அல்லது ஒன்று அதிகமாகச் சாகிறதா? “வித்தியாசம் உண்டு. ப்ளஸ் நாலு சதவீதம்” என்பது கிதோ சென்செயின் கணக்கு.

எனக்கு மட்டும் கேட்கத் தோன்றியது, ஒருமுறை கேட்டும் பார்த்தேன்.

“எது சென்செய் அதிகமாச் சாகுது?”

“ப்ளஸ்.”

“அது சரி. எந்தப் பிள்ளை?”

“ப்ளஸ்னு சொன்னாப் புரிஞ்சுக்கணும் நெமொத்தோ சான்.”

புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் தலையாட்டிவிட வேண்டும். ஆட்டினேன். இருபத்தேழு வருஷமாக உலகம் முழுக்க எல்லாரும் அப்படித்தான் தலையாட்டி வந்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அவருக்கு நேர் எதிர், உசாமி தெத்ஸுரோ. இவரும் கரும்பலகைக்காரர்தான். கல்லூரியில் கிதோவுக்கு ஒரு வருஷம் இளையவர், ஓசாகாக்காரர். குண்டு, வெளுப்பு, மகா மரியாதைக்காரர். அவர் கணக்குப்படி வித்தியாசம் பூஜ்யம். இயற்கை இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே சோறுதான் போடும் என்பார். சமச்சீர் அவருக்குக் கொள்கை மட்டுமல்ல, மூச்சு. இடது கால் செருப்பு தேய்ந்தால் வலதையும் உரசித் தேய்த்துத்தான் போடுவார்.

நவம்பர் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, வாராந்திரக் கூட்டம். அறுபது பேர். கூட்டம் முடிந்ததும் பெஞ்சுகளை மாற்றிப்போட ஆள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தரவுக் குழுவின் தலைவி ஷிராஹாமா மித்ஸுயோ எழுந்து நின்றார். நாற்பது வயது, ஐந்தடி உயரம், சிரிக்காத முகம்.

“பெட்டியை வர்ற பதினாலாம் தேதி காலை பத்து மணிக்குத் திறக்கறோம்” என்றார்.

பெட்டி என்றால் பெட்டியில்லை. எண்ணுகிறவர்களின் வழக்கம் அது. ஆறு வருஷமாக இயந்திரம் எண்ணிக் குவித்த சாவுகளின் விடையைக் கம்ப்யூட்டர் தானே ஒளித்து வைத்திருக்கும். எண்ணுகிறவர்களே பார்க்கக்கூடாது. பார்த்தால் மனசு ஆசைப்படும். ஆசைப்பட்டால் விரல் தப்புப் போடும். எல்லா வேலையும் முடிந்து, இனி ஒரு புள்ளியையும் மாற்றமாட்டோம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் திறப்பார்கள். அதற்கு முன்னால் எட்டிப் பார்த்தவனை எங்கள் ஆய்வகத்தில் யாரும் மனிதனாக மதிப்பதில்லை.

கிதோ எழுந்தார். “ப்ளஸ் நாலு. எழுதி வெச்சுக்கோங்க. ரெண்டும் சமமா இருந்திருந்தா உலகம் தொடங்கின அன்னைக்கே ஒண்ணையொண்ணு தின்னு தீர்த்திருக்கும். நீ இல்லே, நான் இல்லே, நாட்டோ இல்லே.”

உசாமி கையுயர்த்தினார். “அண்ணே, நாட்டோ இல்லாமப் போனா அது உலகத்துக்கு நஷ்டம்னு எதை வெச்சு முடிவு பண்றீங்க?”

நூல்விடும் அந்தப் புளித்த சோயாவைப் பற்றி இபராகியில் பிறந்தவன் முன்னால் ஓசாகாக்காரன் பேசக்கூடாது. கிதோ கரும்பலகையில் வட்டம் வரைய வைத்திருந்த மரக் கவராயத்தை எடுத்தார். ஒரே வீச்சு. உசாமியின் இடது கடைவாய்ப் பற்கள் மூன்று, செயலாளர் அம்மாவின் தேநீர்க் கோப்பையில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ப்ளொக், ப்ளொக், ப்ளொக்.

உசாமி எழுந்தார். ரத்தத்தை விழுங்கினார். இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

“அண்ணே, தப்பா நெனைக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டு, கிதோவின் இடது காதில் ஒரு அறை. உடனே அதே கனத்தில் வலது காதிலும் ஒரு அறை. சமச்சீர்.

“உன் அடியிலயே உன் கொள்கை தெரியுதுடா உருளைக்கிழங்கு” என்றார் கிதோ, தலையைப் பிடித்துக்கொண்டு. “என் கொள்கையையும் பார்த்துக்கோ.” மறுபடி அதே இடது தாடையில் போட்டார்.

எட்டுப் பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள். அந்த எட்டில் இரண்டு பேருக்கு மூக்கு உடைந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே கிதோ வலது கையை உயர்த்தினார். நடுவிரலில் சுண்ணாம்புக்கட்டி பிடித்துப் பிடித்து ஏறிய காய்ப்பு, அவரைக்கொட்டை பருமன்.

“பதினாலாம் தேதி ப்ளஸ் நாலு வரலேன்னா, எழுதற இந்தக் கையை நெமொத்தோ சான் கதவுல வைக்கறேன்!”

“பூஜ்யம் வரலேன்னா நானும் வைக்கறேன் அண்ணே” என்றார் உசாமி. “ரெண்டு கையும் வைக்கறேன். ஒண்ணை மட்டும் வெச்சா சரிசமம் கெட்டுடும்.”

ஷிராஹாமா தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். “தீர்மானம் ஏழு” என்று வாசித்தார். “கதவில் கை வைத்தல். கிதோ ஒன்று, உசாமி இரண்டு. பொறுப்பாளர் நெமொத்தோ. ஆட்சேபணை உண்டா?”

கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு மனிதனின் வாயிலிருந்து வந்ததைத் திருப்பி வாங்கலாம், கூட்டக் குறிப்பில் ஏறியதைத் திருப்பி வாங்க முடியாது. அடுத்த கூட்டத்தில் ‘தீர்மானம் ஏழின் நிலை என்ன’ என்று ஒருவர் கேட்பார். ‘நடக்கவில்லை’ என்று சொல்லி அறுபது பேர் முகத்தைப் பார்க்க யாராலும் முடியாது. ஆட்சேபணை இல்லை.

மறுநாள் நான் கனரக இயந்திர உபயோகத்துக்கான படிவம் நிரப்பினேன். ‘வேலையின் நோக்கம்’ என்ற கட்டத்தில் ‘கை நசுக்குதல், எண்ணிக்கை ஒன்று முதல் மூன்று வரை’ என்று எழுதினேன். பாதுகாப்புப் பிரிவு இரண்டு நாள் வைத்துப் படித்தது. ‘அனுமதிக்கப்படுகிறது. சம்பந்தப்பட்டவர்கள் தலைக்கவசம் அணிய வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும்’ என்று சிவப்பு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியது.

அடுத்த எட்டு நாளும் ஆய்வகத்தில் ரத்தம் காயவில்லை.

புதன்கிழமை சிற்றுண்டிச் சாலையில் நூடுல்ஸ் வரிசை. முன்னால் உசாமி, இரண்டு பேர் தள்ளி கிதோ. “இன்னைக்கு ரெண்டு கிண்ணம் வாங்கறியே, கையோட கணக்கா?” என்றார் கிதோ. “ஆமாங்க அண்ணே, அடுத்த வாரத்துலேருந்து வாயாலதானே சாப்பிடணும், பழகிக்கறேன்” என்றார் உசாமி. கிதோ கொதிக்கும் சூப்போடு இருந்த கிண்ணத்தை உசாமியின் இடது காதில் கவிழ்த்தார். காது அப்போதே வெந்து, ஆவியில் வைத்த பன் மாதிரி உப்பியது. உசாமி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தட்டை எடுத்து கிதோவின் இடது கன்னத்தில் பதினோரு அடி, வலது கன்னத்தில் பதினோரு அடி கொடுத்தார். பன்னிரண்டாவது அடிக்கு இடது பக்கம் கை ஓங்கியபோது தட்டு இரண்டாக முறிந்தது. முறிந்ததால் அடிக்கவில்லை. இடதில் ஒன்று கூடி வலதில் குறைந்துபோனால் அவருக்குத் தூக்கம் வராது.

வெள்ளிக்கிழமை மூன்றாம் மாடியில் கோட்பாட்டுக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ப்ளஸ் கட்சி மாடிப்படியைப் பிடித்தது, பூஜ்யக் கட்சி தேநீர் அறையைப் பிடித்தது. தேநீர் அறை கையைவிட்டுப் போனதும் ப்ளஸ் கட்சிக்குப் பைத்தியம் பிடித்தது. கவசத்துக்கு அடுக்கி வைக்கிற ஈயக்கட்டி ஒவ்வொன்றும் பதினோரு கிலோ. அவற்றைத் தூக்கி எறிந்தார்கள். வாழ்க்கையில் சுண்ணாம்புக்கட்டியைவிடக் கனமானதைத் தூக்காதவர்கள் என்பதால் பாதிக் கட்டிகள் எறிந்தவர்களின் காலிலேயே விழுந்தன. நசுங்கிய கால்விரல்கள் முப்பத்தாறு. தீயணைப்புக் குப்பியால் வாயடைக்கப்பட்டவர்கள் நால்வர். ஒரு துணைப் பேராசிரியரை ஜன்னல் வழியாக வெளியே போட்டார்கள். அவர் கீழேயிருந்த செம்மஞ்சள் நிறப் பழங்கள் தொங்கும் பெர்சிமன் மரத்தில் மாட்டி, தோள் எலும்பு பிசகித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே, “மூணாவது வரியில ரெண்டால வகுக்க மறந்துட்டீங்கடா, தடியன்களா!” என்று கத்தினார். மேலே சண்டையை நிறுத்திப் பார்த்தார்கள். மறந்துதான் இருந்தார்கள். திருத்திவிட்டு மறுபடி அடித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு தலைவர்களின் உருவமும் மாறியிருந்தது. உசாமிக்கு இடது கண் மூடிவிட்டது, இடது காது பன், இடது விலா மூன்று உடைவு, இடது பக்கம் பல்லே இல்லை. வலது பக்கத்திலிருந்து பார்த்தால் அன்றைக்குத்தான் சவரம் செய்துகொண்ட மாப்பிள்ளை. கிதோவோ இரண்டு பக்கமும் அச்சாக ஒரே அளவில் வீங்கியிருந்தார். தெரியாதவர்கள், “சென்செய், கொஞ்சம் சதை போட்டிருக்கீங்க, நல்லாயிருக்கு” என்றார்கள்.

பன்னிரண்டாம் தேதி மத்தியானம் கதவுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத் தரவு அறைப் பக்கம் வந்தேன். கிதோ அந்த அறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்து உள்ளே நின்றுகொண்டிருந்தார். எதிரில் ஷிராஹாமா, தரை துடைக்கும் கட்டையோடு.

“பெட்டியைத் திறம்மா” என்றார் கிதோ.

“பதினாலாம் தேதி சென்செய்.”

“குறி மட்டும் சொல்லு. எண் வேண்டாம். ப்ளஸ்ஸா மைனஸா?”

“எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்.”

கிதோ கம்ப்யூட்டர் பக்கம் ஓரடி வைத்தார். ஷிராஹாமா பள்ளிக்கூட நாளில் நீண்ட கழி முனையில் கத்தி பூட்டிப் போடும் சண்டையில் மாநில வெற்றியாளர் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கட்டையின் முனை முதலில் அவர் முழங்காலைத் தொட்டது, பிறகு வயிற்றை, பிறகு தொண்டையை. ஒவ்வொரு தொடலுக்கும் ஏதோ ஒன்று முறிந்தது. மல்லாக்க விழுந்தவரின் மார்பில் காலை வைத்து, கட்டையை மூக்கின்மேல் நிறுத்தினார்.

“சென்செய், இன்னும் ஒரு அடி வெச்சீங்கன்னா கதவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இங்கயே நான் பண்ணி விட்டுடறேன்.”

கிதோ வாயில் நுரையோடு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“உனக்குச் சொன்னாப் புரியாதும்மா. நான் தலையால யோசிக்கறதில்லே. தலை சும்மா தொப்பி வைக்க. இந்தக் கை கரும்பலகையில போகும்போதுதான் எனக்கு யோசனையே வரும். இருபத்தேழு வருஷம் யோசிச்சது இதுதான். நான் இல்லே. இது போச்சுன்னா நான் ரிட்டயர் ஆன ஒரு குமாஸ்தா. ஒண்ணும் தெரியாது எனக்கு.”

ஷிராஹாமா காலை எடுத்தார். “பெட்டியை எட்டிப் பார்த்துட்டீங்கன்னா அந்தக் கை எழுதினது எதையும் யாரும் நம்பமாட்டாங்க. அதுக்குக் கதவே தேவலை” என்றார். பிறகு போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். கிதோ படுத்தபடியே குடித்தார். விலா இரண்டு போயிருந்ததால் விக்கல் வரும்போதெல்லாம் ஊளையிட்டார்.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. பட்டனை அழுத்தப் போகிற விரல் என்னுடையது.

பதினாலாம் தேதி காலை பத்து மணி. அறுபது பேரில் நடக்க முடிந்த நாற்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். கிதோ ஊன்றுகோல், தலைக்கவசம். உசாமி கழுத்துப்பட்டை, தலைக்கவசம். ஷிராஹாமா ஒரு விசையைத் தட்டினார். திரையில் ஒளித்து வைத்திருந்த விடை வந்து நின்றது.

மைனஸ் நாலு புள்ளி ஒன்று.

பூஜ்யம் செத்துவிட்டது, உசாமியின் இரண்டு கையும் போச்சு. ப்ளஸ்ஸும் செத்துவிட்டது, கிதோவின் கை போச்சு. கிதோ திரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நெமொத்தோ சான், போகலாமா?”

கூடத்துக்கு எல்லாரும் வரிசையாக நடந்தோம். கதவை முக்கால்வாசி மூடி, இரண்டு ஆள் நிற்கிற இடைவெளி விட்டு வைத்திருந்தேன். மூட ஒன்றேகால் நிமிஷம். ஆனால் யார் முதலில் கை வைப்பது என்பதில் தகராறு வந்துவிட்டது.

“அண்ணே, நீங்க மூத்தவர். நீங்க முன்னாடி.”

“நீ வெளியூர் விருந்தாளி. நீ வை.”

“உங்களுக்கு முன்னாடி நான் கை வெச்சா மரியாதை இல்லே அண்ணே.”

“மரியாதையைப் பத்தி நீ சொல்றியா? ஒரு வாரமா என் மூஞ்சியை மத்தளம் அடிச்ச நாயே!”

“ரெண்டு பக்கமும் மரியாதையாத்தானே அடிச்சேன்!”

கவசத் தலையோடு கவசத் தலை மோதிக்கொண்டார்கள். ஊன்றுகோல் உசாமியின் இடது தொடையில் முறிந்தது. உசாமி அதன் இரண்டு துண்டையும் எடுத்து இரண்டு முழங்காலிலும் ஒன்றாகப் போட்டார். ஒன்றரை மணி நேரம். மணி பதினொன்று ஐம்பத்தேழு. படிவத்தில் பன்னிரண்டு என்று முத்திரை. நான் கத்தினேன்: “சேர்ந்தே வைங்க ரெண்டு பேரும்! எனக்குச் சாப்பாட்டு நேரம்!”

நியாயமாகப் பட்டது போலிருக்கிறது. அருகருகே நின்று, கிதோ வலது கையையும் உசாமி இரண்டு கைகளையும் கதவு வந்து முட்டும் சுவரின் விளிம்பில் வைத்தார்கள். நான் பட்டனை அழுத்தினேன். நாற்பது டன் நகர்ந்தது. பாதத்துக்கடியில் தரை உறுமியது.

அழுத்திவிட்டு வெறுமே நிற்க முடியவில்லை. பேச ஏதாவது வேண்டும் என்று, எனக்கு ரொம்ப நாளாக இருந்த சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன்.

“அம்மா, கடைசியில எந்தப் பிள்ளைதான் அதிகமாச் செத்துது?”

“துகள்” என்றார் ஷிராஹாமா. “மைனஸ்னா துகள் அதிகம்.”

கிதோவின் தலை மெதுவாகத் திரும்பியது. “என்ன சொன்னே?”

“எதிர்த்துகள்லேருந்து துகளைக் கழிப்போம். மைனஸ் வந்தா துகள் அதிகம்னு அர்த்தம். எண்ணற எல்லாரும் அப்படித்தான் கழிப்போம்.”

“நான் துகள்லேருந்து எதிர்த்துகளைக் கழிச்சேன்மா! என் ப்ளஸ்ன்னாலே துகள் அதிகம்னுதான் அர்த்தம்!”

நாற்பத்தோரு பேரும் வாயைத் திறந்தார்கள். இருபத்தேழு வருஷத்தில் எந்தப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. ப்ளஸ் என்றார்கள், தலையாட்டினார்கள்.

“அப்போ நான் சொன்னதுதான் சரி!” என்று கிதோ கையை உருவிக்கொண்டு குதித்தார். “நாலு! நாலுடா உசாமி! துகள்! வந்துடுச்சு!”

“வாழ்த்துக்கள் அண்ணே” என்றார் உசாமி. கையை எடுக்கவில்லை. கதவு ஒரு முழம் தள்ளி இருந்தது.

“டேய், கையை எடுடா.”

“நான் பூஜ்யம்னு சொன்னேன். பூஜ்யம் வரலே. தீர்மானம் ஏழு அண்ணே.”

“நான் ஜெயிச்சுட்டேன், நான் சொல்றேன், எடுடா!”

“குறிப்புல ஏறிடுச்சே.”

நான் நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். நாற்பது டன்னை நிறுத்தினால் நிற்க ஒரு சாண் ஆகும். இருந்தது ஒரு சாணுக்கும் குறைவு. கிதோ உசாமியின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். குண்டு மனிதர், அசையவில்லை. இடது தாடையில் ஒன்று விட்டார். பத்து நாளாக அடிபட்ட இடம், உசாமிக்கு அங்கே உணர்ச்சியே செத்துப்போயிருந்தது. வலது கன்னத்தில் விழ இடது கையைத்தான் வீச வேண்டும். அதற்கு எக்கி நிற்க ஒரு பிடி வேண்டும். கிதோ வலது கையால் சுவரின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, இடது கையைச் சுழற்றி, உசாமியின் வலது கன்னத்தில், அந்த மாப்பிள்ளைக் கன்னத்தில், தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அடித்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து அடி வரும் என்று உசாமியின் உடம்பு கனவிலும் நினைத்ததில்லை. இரண்டு கையும் உயர, பின்னால் பறந்துபோய் ஆறு பேர்மீது விழுந்தார்.

கதவு நின்றது. நிற்பதற்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டது. நன்றாகக் காய்ந்த சர்க்கரைவள்ளி வற்றலை ஒரு கூடை மொத்தமாக மிதித்த மாதிரி. கிதோ கத்தவில்லை. கவசத்துக்குக் கீழே முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. “நெமொத்தோ சான்” என்றார் மெல்ல. “கொஞ்சம் திறங்க. வலிக்குது.”

திறந்தேன். காய்ப்பு ஏறிய நடுவிரல் எது, சுண்டுவிரல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே தகடாக இருந்தது. அது மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. ரத்தம் தண்டவாளத்தில் ஓடி எண்ணெயோடு கலந்தது. ஷிராஹாமா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து இறுகக் கட்டினார். கட்டிக்கொண்டே, குறிப்பேட்டை வாங்கிக்கொண்ட செயலாளர் அம்மாவைப் பார்த்து, “தீர்மானம் ஏழு நிறைவேறியது, காரணம் தவறு” என்றார். மணி பதினொன்று ஐம்பத்தொன்பது.

உசாமி ஆறு பேர் மேலிருந்து இறங்கி வந்து முழங்காலிட்டார். தலைக்கவசம் தரையில் தட்டத் தட்ட வணங்கினார். “அண்ணே, எதுக்கு அண்ணே?”

“பூஜ்யம்னு எழுதற மடையனா இருந்தாலும், உன் கையெழுத்து நல்லா இருக்கும்டா” என்றார் கிதோ. பிறகுதான் மயங்கினார்.

மணிக்கட்டுக்கு மேலே வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பயந்த மாதிரிதான் ஆயிற்று. கரும்பலகை முன்னால் போய் நின்றால் ஒன்றும் வரவில்லை. இடது கையால் எழுதிப் பார்த்தார். குறி எல்லாம் தப்பாக வந்தது. ஒரு மாசம் கழித்து உசாமி தானாக வந்து சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகை முன் நின்றார். கிதோ அவர் தோளில் மொட்டைக் கையை வைத்துக்கொள்வார். தோள் நகர நகர, யோசனை வந்தது. முன்னைவிட வேகமாக வந்தது. இப்போது இருவரும் சேர்ந்து எந்தப் பிள்ளை அதிகம் என்பதை முதல் வரியிலேயே எழுத்தால் எழுதிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள்.

உசாமி தப்பாக எழுதினால் அடி விழும். கிதோவுக்கு இருப்பது இடது கை மட்டும் என்பதால் எல்லா அடியும் வலது பக்கமே விழுகிறது. ஒன்றரை வருஷத்தில் உசாமிக்கு வலது காதும் பன்னாகி, வலது பக்கப் பல்லும் எல்லாம் போய், முகம் இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை வித்தியாசமில்லாமல் ஒன்றாகிவிட்டது. அவரைப் பார்த்தால் ரொம்ப நிம்மதியாக இருக்கிற மனிதர் மாதிரி இருக்கிறார்.

இனி எழுத ஒன்றுதான் பாக்கி. அந்த வருஷம் நவம்பர் நாலாம் தேதி முதல் இருபதாம் தேதி வரை நான் பித்தப்பைக் கல்லுக்காக மீதோவில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்.